பிஎச்டி முடிந்தது, இனி எந்த ஆய்வுகூடம்? மூளையும் அசைவும் படிக்கும் கிழக்கிலங்கைப் பிள்ளைகளுக்கு ஓர் ஒப்பீடு

கல்முனைப் பக்கத்துப் பிள்ளை ஒருத்தி. பேராதனையில் பொறியியல் முடித்து, அவுஸ்திரேலியாவில் பிஎச்டி செய்து, ஆய்வேட்டையும் கொடுத்துவிட்டாள். நாம் கையை நீட்டி ஒரு பொருளை எடுக்கும்போது மூளை அந்த அசைவை எப்படி நடத்துகிறது என்பதுதான் அவளுடைய ஆய்வு. இப்போது அவளுக்கு முன்னால் நாலு வழி. ஒன்று, குரங்குகளின் மூளையில் மின்முனை வைத்துப் பதிவு எடுக்கும் அமெரிக்க ஆய்வுகூடம். இரண்டு, கணக்கையும் கணினியையும் மட்டுமே வைத்து வேலை செய்யும் லண்டன் குழு. மூன்று, ரோபோக் கைபிடியைக் கொடுத்து மனிதரின் அசைவை அளக்கும் கனடா ஆய்வுகூடம். நாலு, போஸ்ட்டொக்கே (பிஎச்டிக்குப் பிறகு சில வருடம் செய்யும் ஒப்பந்த ஆய்வுப் பதவி) வேண்டாம் என்று ஊருக்கு வந்து விரிவுரையாளர் பதவிக்கு விண்ணப்பிப்பது.

"சேர், நீங்கள் என்ன சொல்றீங்கள்?" என்று கேட்டாள். அவளுக்குச் சொன்னதைக் கொஞ்சம் விரித்து எழுதுகிறேன். வந்தாறுமூலைக் கிழக்குப் பல்கலைக்கழகத்திலும் ஒலுவில் தென்கிழக்குப் பல்கலைக்கழகத்திலும் படித்துவிட்டு இதே யோசனையில் இருக்கும் மற்றப் பிள்ளைகளுக்கும் உதவும்.

என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். திரும்பி வந்து கிழக்கில் வேலை செய்யும் எண்ணம் கொஞ்சமாவது இருந்தால் மூன்றாவது வழிதான் சரி. அதிலும், அசைவை அளக்கிறவரே அதற்கான கணித மாதிரியையும் கட்டுகிற ஆய்வுகூடமாக இருக்கவேண்டும். திரும்பி வரும் எண்ணம் இல்லை என்றால் கணக்கு வேறு. அதையும் ஒளிக்காமல் சொல்கிறேன்.

குரங்கு ஆய்வுகூடத்தின் கவர்ச்சி எனக்கு நன்றாகவே விளங்குகிறது. இந்தத் துறையின் அத்திவாரமே அங்கேதான் போடப்பட்டது. 1982 இல் ஜோர்ஜோபூலஸும் அவருடைய குழுவினரும், குரங்கின் இயக்க மேற்பட்டையில், அதாவது அசைவுக்குக் கட்டளை கொடுக்கும் மூளைப் பகுதியில், உள்ள நரம்புக்கலங்கள் பல, கை ஒரு குறிப்பிட்ட திசைக்குப் போகும்போது கூடுதலாகத் துடிக்கின்றன, திசை விலக விலக அந்தத் துடிப்புக் குறைகிறது என்று காட்டினார்கள். ஒவ்வொரு கலத்துக்கும் தனக்கென்று ஒரு விருப்பத் திசை. முப்பது வருடம் கழித்து, 2012 இல், சேர்ச்லண்டும் ஷெனோயும் மற்றவர்களும் வேறொரு கோணத்தில் வந்தார்கள். தனித்தனிக் கலம் என்ன சொல்கிறது என்று தேடுவதை விட்டு, கலங்கள் எல்லாவற்றையும் ஒரு கூட்டமாகப் பார்த்தால், கை நீளும் நேரத்தில் அந்தக் கூட்டத்தின் மொத்தத் துடிப்பு ஒரு சுழற்சி போல ஒழுங்காக மாறிக்கொண்டு போகிறது என்றார்கள். இன்றைக்கும் இந்த இரண்டு பார்வைக்கும் நடுவில்தான் பாதிச் சண்டை. இந்த வேலை மனிதரையும் வந்து சேர்ந்திருக்கிறது. கை அசைக்க முடியாத ஒருவர் எழுதுவதாக மனதில் நினைத்தபோது, மூளையில் வைத்த மின்முனைகளைக் கொண்டு அந்த எழுத்துகளை நிமிடத்துக்குத் தொண்ணூறு என்ற வேகத்தில் வாசித்தார்கள். அது 2021 இல் வந்த செய்தி.

ஆனால் அங்கே போகிறவர் காலத்தைக் கணக்குப் பார்க்கவேண்டும். குரங்கு ஒரு பணியைப் பழகவே பல மாதம் போகும். கடினமான பணி என்றால் ஒரு வருடமும் தாண்டும். பிறகு சத்திரசிகிச்சை, அது ஆறவேண்டும், பதிவு நல்லபடி வரவேண்டும், இரண்டாவது விலங்கிலும் அதே முடிவு கிடைக்கவேண்டும். இரண்டு வருட ஒப்பந்தத்தில் போகிறவருக்கு, முன்னே இருந்தவர் பழக்கிவைத்த விலங்கு கையில் கிடைத்தால்தான் கட்டுரை எழுதலாம். இல்லையென்றால் அடுத்தவருக்காகப் பழக்கிக் கொடுத்துவிட்டு வரவேண்டியதுதான். சுண்டெலியை வைத்து வேலை செய்யும் இடங்களில் இது வேகம் கூடியது. 2017 இல் வந்த நியூரோபிக்சல்ஸ் என்ற மெல்லிய ஊசி ஒரே நேரத்தில் 384 தடங்களில் பதிவு எடுக்கும். எதுவாக இருந்தாலும், இந்தக் கைத்திறனை மட்டக்களப்புக்குக் கொண்டுவந்து எங்கே வைப்பது? குரங்குக்கான வசதி இங்கே இல்லை, எங்கள் சேவைக்காலத்தில் வரும் என்று நான் நினைக்கவும் இல்லை. அமெரிக்காவிலோ ஐரோப்பாவிலோ நிரந்தரமாக இருந்து பேராசிரியர் ஆகவேண்டும் என்பவருக்கு இது முதல் தெரிவாகவே இருக்கலாம். ஊருக்குத் திரும்ப நினைப்பவருக்கு இதை நான் சொல்லமாட்டேன்.

இன்னொன்றும் இருக்கிறது. விலங்கை வைத்துச் செய்யும் வேலை எல்லார் மனதுக்கும் ஒத்துவராது. ஒத்துவராது என்று தெரிந்தால் அதை நேர்முகத்தில் மறைக்கவேண்டாம். அது பலவீனம் இல்லை.

லண்டன் குழு மாதிரியான இடங்கள் வேறு உலகம். லண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியில் 1998 இல் தொடங்கிய கட்ஸ்பி பிரிவு இதற்கு நல்ல உதாரணம். ஜெஃப்ரி ஹின்டன்தான் அதன் முதல் இயக்குநர். இன்று செயற்கை நுண்ணறிவின் தந்தை என்று பத்திரிகைகள் எழுதும் அதே ஹின்டன். இப்படியான இடங்களில் கரும்பலகையும் கணினியும்தான் ஆய்வுகூடம். மூளை உலகத்தைப் பற்றி என்ன எதிர்பார்க்கிறது, கண்ணும் தோலும் தரும் குழப்பமான தகவலோடு அந்த எதிர்பார்ப்பை எப்படிக் கலக்கிறது, கலந்ததை வைத்துத் தசைக்கு என்ன கட்டளை கொடுக்கிறது என்பதெல்லாம் சமன்பாடுகளாக வரும். 2002 இல் டொடொரொவும் ஜோர்டனும் எழுதிய கருத்து ஒன்றை நான் வகுப்பில் எப்போதும் சொல்வேன். நாம் ஒரே வேலையைப் பத்துத் தரம் செய்தால் பத்துத் தரமும் கை போகும் பாதை கொஞ்சம் மாறும். மூளை அந்த மாற்றங்கள் எல்லாவற்றையும் திருத்துவதில்லை. வேலையைக் கெடுக்கிற பிழையை மட்டும் திருத்துகிறது, கெடுக்காததை விட்டுவிடுகிறது.

இந்த வழியில் ஒரு பெரிய நன்மை, வேலை முழுவதையும் லப்டொப்பில் ஊருக்குக் கொண்டுவரலாம். மற்றவர்கள் எடுத்த பதிவுகள் இப்போது திறந்த களஞ்சியங்களில் கிடைக்கின்றன. பன்னிரண்டு ஆய்வுகூடங்கள் சேர்ந்து 139 சுண்டெலிகளில் 621,733 நரம்புக்கலங்களைப் பதிவு செய்த சர்வதேச மூளை ஆய்வுகூடத்தின் தரவு யாருக்கும் திறந்திருக்கிறது. செங்கலடியில் ஒரு வீட்டில் இருந்தும் அதைத் திறந்து பார்க்கலாம். பல்கலைக்கழகங்களை இணைக்கும் லேர்ன் வலையமைப்பில் இருந்தால் இறக்குவதும் சுலபம். நியூரோமட்ச் அக்கடமி 2020 இலிருந்து இணையவழியில் பைதனோடு இந்தப் பாடங்களைச் சொல்லிக்கொடுக்கிறது. கட்டணமும் நாட்டுக்கு நாடு குறைத்துத்தான் வாங்குகிறார்கள். இந்த வழியைப் பற்றி யோசிக்கிறவர் முதலில் அதில் சேர்ந்து, தனக்கு இது பிடிக்கிறதா என்று பார்க்கலாம்.

என்னுடைய தயக்கம் இதுதான். தனிக் கணக்கு வழியில் போட்டி கடுமை. கேம்பிரிட்ஜிலும் பாரிஸிலும் கணிதமோ பௌதிகமோ ஆழமாகப் படித்தவர்கள்தான் பக்கத்து மேசையில் இருப்பார்கள். பட்டப்படிப்பிலேயே நேரியல் அட்சரகணிதமும் நிகழ்தகவும் கைவந்தவருக்குப் பயமில்லை. மருத்துவமோ உயிரியலோ படித்து, பிறகு பைதன் பழகியவருக்கு முதல் வருடம் முழுவதும் ஓடிப் பிடிப்பதிலேயே போய்விடும். அதோடு, தரவு எப்போதும் வேறொருவர் கையில். தனக்கு வேண்டிய பரிசோதனையைத் தானே செய்து பார்க்கும் பழக்கம் வராமல் போனால், ஊருக்கு வந்து மாணவர்களுக்கு என்ன செய்யச் சொல்வது?

அதனால்தான் மூன்றாவது வழியில் எனக்கு இவ்வளவு பிடிப்பு. அங்கே ஒரு நாள் வேலை எப்படி இருக்கும் என்று சொன்னால் காரணம் விளங்கும்.

ஒரு மேசை. அதன் மேலே படுக்கையாக ஒரு திரை. அதற்குக் கீழே ரோபோவின் கைபிடி. பரிசோதனைக்கு வந்தவர் கதிரையில் உட்கார்ந்து பிடியைப் பிடிப்பார். அவருக்குத் தன் கை தெரியாது, கை இருக்கும் இடத்தில் ஒரு புள்ளி மட்டும் தெரியும். பத்துச் சென்டிமீட்டர் தள்ளி ஒரு வட்டம் தோன்றும், புள்ளியை அங்கே கொண்டுபோகவேண்டும். முதலில் கை நேராகப் போகும். பிறகு ரோபோ ஒரு வேலை செய்யும். கை எவ்வளவு வேகமாகப் போகிறதோ அவ்வளவு விசையோடு அதைப் பக்கவாட்டில் தள்ளும். புள்ளி வளைந்து தப்பிப் போகும். நூறு, இருநூறு தரம் செய்தால் பாதை மெல்ல மெல்ல நிமிரும். இந்த நேரத்தில் அவருக்குச் சொல்லாமல் விசையை நிறுத்திவிட வேண்டும். இப்போது கை மறுபக்கம் வளைந்து போகும்! இல்லாத விசைக்கு மூளை முன்கூட்டியே ஈடுகட்டுகிறது. ஷட்மெரும் முசா-இவால்டியும் 1994 இல் காட்டியது இதுதான். கையை வெறுமனே விறைப்பாக வைத்துச் சமாளித்திருந்தால் இந்த மறுவளைவு வந்திருக்காது. ஆகவே மூளைக்குள் அந்த விசையின் மாதிரி ஒன்று உருவாகியிருக்கிறது. முதல்தரம் இதை நேரில் பார்க்கும் மாணவரின் முகத்தைப் பார்க்கவேண்டும். தன் கையே தனக்குச் சொல்லாமல் ஒன்றைக் கற்றுக்கொண்டது என்று அப்போதுதான் விளங்கும்.

ஒரு மணித்தியாலத்தில் ஒருவரின் பரிசோதனை முடியும். சில கிழமையில் இருபது பேர். அதற்குள் தரவு வந்துவிடும், மாதிரி கட்டலாம், பிழைத்தால் அடுத்த மாதமே வேறு பரிசோதனை. இரண்டு வருடத்தில் இரண்டு மூன்று முழு வேலை முடிக்க இடமுண்டு. பரிசோதனையைத் திட்டமிடுவது, ஒழுக்கநெறிக் குழுவுக்கு எழுதுவது, மனிதரைக் கூப்பிட்டு உட்காரவைப்பது, அளவீட்டின் பிழையைப் பிடிப்பது, கடைசியில் சமன்பாடு எழுதுவது என்று முழுச் சங்கிலியும் ஒரே ஆளின் கையில் இருக்கும். கனடாவில் குயின்ஸ் பல்கலைக்கழகத்தில் ஸ்டீபன் ஸ்கொட் உருவாக்கிய கினார்ம் ரோபோ, ஒன்ராறியோவின் வெஸ்டர்ன் பல்கலைக்கழகம், நியூயோர்க்கில் கொலம்பியாவின் டானியல் வோல்பேர்ட், யப்பானில் கியோட்டோவுக்குப் பக்கத்தில் கவாடோ வளர்த்த ஏ.டி.ஆர். என்று இந்தப் பாணியில் புகழ்பெற்ற இடங்கள் பல.

"அந்த ரோபோ இங்கே இல்லையே சேர்?" என்பது அவளுடைய அடுத்த கேள்வி. நியாயமான கேள்விதான். எங்கள் பீடத்துக்கு அதை வாங்க வசதி இல்லை. ஆனால் கண்ணுக்குக் காட்டும் புள்ளியைக் கை போகும் திசையிலிருந்து முப்பது பாகை திருப்பிவிட்டாலும் இதே மாதிரிக் கற்றலைப் பார்க்கலாம். அதற்கு ஒரு சாதாரண டப்லட்டும் பேனையும் போதும், கையை மறைக்க ஒரு அட்டைப்பெட்டி. உடலின் அசைவைப் பதிய இப்போது தொலைபேசிக் கமராவே போதும். 2023 இல் வெளியான ஓபன்காப் இரண்டு ஐபோனை வைத்தே மூட்டுகளின் கோணத்தைக் கணக்கிடுகிறது. கருவி மாறினாலும் பரிசோதனை செய்யத் தெரிந்தவரின் அறிவு செல்லும். குரங்கு ஆய்வுகூடத்தில் பெற்ற திறனுக்கு இப்படி ஒரு மலிவான மாற்று இல்லை.

அப்புறம், இங்கே கேட்கவேண்டிய கேள்விகள் எத்தனை! மட்டக்களப்புப் போதனா வைத்தியசாலையில் பக்கவாதம் வந்தவர்களுக்கு இயன்மருத்துவம் கொடுக்கிறார்கள். உலகம் முழுவதும் கை மீள்வதை 66 புள்ளிக்கு அளக்கும் ஒரு கையேட்டு முறை 1975 இலிருந்து இருக்கிறது. அதில் ஒரே புள்ளி எடுத்த இரண்டு பேரின் கை உண்மையில் ஒரே மாதிரி அசைவதில்லை. தொலைபேசிக் கமராவால் அந்த வித்தியாசத்தைப் பிடிக்க முடியுமா? நீரிழிவால் பாதத்தில் உணர்ச்சி குறைந்தவர் இருட்டில் எப்படி நிமிர்ந்து நிற்கிறார்? இவற்றுக்கெல்லாம் ஆள் இங்கே, கேள்வி இங்கே, செலவும் தாங்கக்கூடியது.

எனக்கு மிகவும் ஆசையான கேள்வி கூத்து. தாளத்துக்குத் தட்டு என்று ஒருவரிடம் சொன்னால், அவர் விரல் பெரும்பாலும் தாளத்துக்குச் சில பத்து மில்லிசெக்கன் முன்னாலேயே விழும் என்பது ஆய்வகங்களில் திரும்பத் திரும்பக் கண்ட விடயம். இசை பழகியவரிடம் இந்த முந்தல் குறைவு. சரி, வட்டக்களரி என்ற வட்ட மேடையில் வடமோடிக் கூத்து ஆடுகிறவரின் கால்? கூத்துப் பழக்கும் அண்ணாவியார் மத்தளத்தை விரைவுபடுத்தும்போது புதிதாகப் பழகும் பையனின் அடி எத்தனை மில்லிசெக்கன் பிந்துகிறது, சில மாதப் பழக்கத்துக்குப் பிறகு அது எப்போது முந்தத் தொடங்குகிறது? இதை அளக்கப் பெரிய கருவி தேவையில்லை. மத்தளத்துக்குப் பக்கத்தில் ஒரு ஒலிவாங்கி, காலில் கட்டிய சதங்கைக்குப் பக்கத்தில் இன்னொன்று. சதங்கையின் சத்தமே அடி விழுந்த நேரத்தைச் சொல்லிவிடும். கல்லடியில் சுவாமி விபுலாநந்த அழகியற் கற்கைகள் நிறுவகம் இருக்கிறது, கூத்துத் தெரிந்தவர்கள் ஊருக்கு ஊர் இருக்கிறார்கள். இந்த ஆய்வை லண்டனில் இருந்து யாரும் செய்யப்போவதில்லை.

இனி நாலாவது வழி, நேரே வேலைக்கு வருவது. இதைக் குறைத்துச் சொல்ல எனக்கு மனமில்லை. 2022 நெருக்கடிக்குப் பிறகு நாட்டை விட்டுப் போன விரிவுரையாளர்கள் பலர், வெற்றிடங்கள் இருக்கின்றன, நிரந்தரப் பதவி என்றால் வீட்டிலும் நிம்மதி. ஆனால் வந்த அன்றிலிருந்து விரிவுரை, பரீட்சை, விடைத்தாள், குழுக்கூட்டம். மூளை அசைவைப் படிக்கும் இன்னொருவர் பக்கத்து அறையில் இருக்கமாட்டார். பிஎச்டி மேற்பார்வையாளரின் கேள்வியை விட்டுத் தன்னுடைய கேள்விக்கு வருவதற்கு ஓர் ஆராய்ச்சியாளருக்குக் கிடைக்கும் அவகாசம் போஸ்ட்டொக் காலம்தான். அதைத் தாண்டி வந்துவிட்டால் பிறகு அது கிடைப்பது அரிது. பதவியில் இருந்துகொண்டு ஓய்வாய்வு விடுமுறை எடுக்கலாம் என்பார்கள். அதற்கு ஏழு வருட சேவை வேண்டும். சம்பளத்தோடு வேறு விடுமுறை எடுத்தால் பிணைமுறி கையெழுத்து வைக்கவேண்டும், திரும்பி வந்து குறிப்பிட்ட வருடம் சேவை செய்யாவிட்டால் கட்டவேண்டிய தொகை பிணைநின்ற உறவினர் தலையில் விழும். பத்திரத்தை முழுக்க வாசிக்காமல் கையெழுத்து வைக்காதீர்கள், மாமாவையோ சித்தப்பாவையோ பிணைக்குக் கேட்க முன்னமே தொகையைச் சொல்லிவிடுங்கள்.

ஏற்கெனவே பதவியில் இருப்பவருக்கும், சின்னப் பிள்ளைகள் உள்ளவருக்கும் இந்தியா நல்ல நடுவழி. பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்தில் ஆதித்ய மூர்த்தி கண்ணும் கையும் சேர்ந்து அசைவதைப் படிக்கிறார். ஐஐடி காந்திநகரில் பிரதிக் முத்தா கை அசைவின் கற்றலில் வேலை செய்கிறார். ஐஐடி மெட்ராஸில் ஸ்ரீனிவாச சக்கரவர்த்தி, அசைவை நடத்துவதில் பங்குள்ள அடிமுடிச்சுகள் என்ற மூளையின் ஆழப் பகுதிகளுக்குக் கணித மாதிரி கட்டுகிறார். எங்கள் மாதிரி அயல்நாட்டவர்களுக்கு ஐ.எஸ்.ஆர்.எஃப். என்ற இந்திய அரசின் சில மாதப் புலமைப்பரிசில் இருக்கிறது. முழுப் போஸ்ட்டொக்குக்கு அது ஈடாகாது, ஒரு முறையைக் கற்றுக்கொண்டு வரப் போதும்.

வீட்டுப் பக்கத்தையும் பேசவேண்டும். எங்கள் பக்கத்தில் வீடு பெண்பிள்ளைக்குத்தான். கடைசி மகள் என்றால் தாய் தகப்பனும் அவளோடுதான் இருப்பார்கள். அவளுடைய அம்மா என்னிடம், "தம்பி, வீட்ட அவள்ட பேரில எழுதிற்றம். அவளே இல்லாட்டி அந்த வீடு எங்களுக்கு எதுக்கு?" என்று கேட்டார். இதைப் பழைய யோசனை என்று தள்ளிவிட முடியாது. நான் அம்மாவுக்குச் சொன்னது: போஸ்ட்டொக் என்றால் இரண்டு வருடம், கூடினால் மூன்று. தேதி போட்ட ஒப்பந்தம். முடிவு தேதி தெரிந்தால் வீட்டில் பேசுவது லேசு. ஆகவே "ஒரு வருடம், பிறகு பார்ப்போம்" என்று சொல்லும் ஆய்வுகூடத்தைவிட, முழு இரண்டு வருடத்துக்கும் எழுதித் தருகிற இடத்தைத் தெரிவு செய்வது எங்கள் பிள்ளைகளுக்கு நல்லது. விசாவுக்கும் அது தேவைப்படும்.

காசு விடயத்தில் ஓர் எச்சரிக்கை. பிரித்தானிய விசாவுக்குச் சுகாதாரக் கட்டணம் வருடத்துக்கு 1,035 பவுண், அதுவும் முழுக் காலத்துக்கும் போகமுன்னமே கட்டவேண்டும். கணவனோ மனைவியோ வந்தால் அவருக்கும் அவ்வளவு. பல்கலைக்கழகம் திருப்பித் தருமா என்று கடிதத்தில் கேட்டு வாங்குங்கள். யப்பானில் ஜே.எஸ்.பி.எஸ். புலமைப்பரிசில் ஒன்று முதல் இரண்டு வருடத்துக்கு, விமானச் சீட்டும் அவர்களே தருவார்கள்.

எந்த வழி என்றாலும், மேற்பார்வையாளரிடம் கேட்க முன்னம் அங்கே இருந்துவிட்டுப் போன இரண்டு மூன்று பேருக்கு எழுதுங்கள். அவர்கள் இப்போது எங்கே இருக்கிறார்கள், முதற்கட்டுரை வர எவ்வளவு காலம் எடுத்தது, ஊருக்கு அவசரமாகப் போகவேண்டி வந்தபோது விட்டார்களா என்று கேளுங்கள். மேற்பார்வையாளரிடம் ஒன்றை நேரடியாகக் கேட்கலாம்: "போகும்போது என் தரவையும் நிரலையும் கொண்டுபோகலாமா, அதே கேள்வியைத் தொடரலாமா?" இதற்கு உடனே ஓம் என்று சொல்பவரிடம் போங்கள். இழுப்பவரிடம் போகவேண்டாம், அவர் எவ்வளவு பெரிய ஆளாக இருந்தாலும்.

சொந்தப் புலமைப்பரிசிலோடு போனால் இந்தப் பேச்சில் உங்கள் கை ஓங்கியிருக்கும். ஐரோப்பாவின் மேரி கியூரி புலமைப்பரிசில் எந்த நாட்டவருக்கும் திறந்தது, இரண்டு வருடம் வரை. கடந்த 36 மாதத்தில் 12 மாதத்துக்கு மேல் அந்த நாட்டில் இருந்திருக்கக்கூடாது என்பது முக்கிய நிபந்தனை. 2024 இலிருந்து பிரித்தானியாவும் அந்தத் திட்டத்தில் சேர்ந்துவிட்டது. பல நாடுகள் சேர்ந்து உயிரியல் ஆய்வுக்குக் காசு கொடுக்கும் எச்.எஃப்.எஸ்.பி. மூன்று வருடம் தருகிறது. பௌதிகம், கணிதம், பொறியியலில் பிஎச்டி செய்துவிட்டுப் புதிதாக உயிரியலுக்கு வருகிறவர்களுக்கு அதில் தனிப் பிரிவே உண்டு. அதன் முதற்கடிதம் வழக்கமாக மே மாதத்தில் போகவேண்டும், மேரி கியூரிக்குச் செப்டெம்பர். இரண்டுக்கும் ஏற்றுக்கொள்ளும் ஆய்வுகூடம் முன்கூட்டியே வேண்டும். ஆகவே மேற்பார்வையாளர்களுக்கு எழுதும் முதல் மின்னஞ்சல் தைப்பொங்கலுக்கு முன்னமே போகட்டும். அவர்களுடைய ஒரு கட்டுரையை முழுக்க வாசித்து, அதில் நீங்கள் செய்து பார்க்க விரும்பும் அடுத்த பரிசோதனையை மூன்று வரியில் எழுதுங்கள்.